ஹிப்-ஹாப் பீட்டின் கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

ஹிப்-ஹாப் கேட்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் "செம கரடுமுரடான பீட்" என்ற பேச்சு வராமல் இருக்காது. அதையே "ரா" என்பவர்கள் உண்டு, "டர்ட்டி" என்பவர்களும் உண்டு. சரி, அந்தக் கரடுமுரடு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். மட்டமான ரெக்கார்டிங் என்பார் ஒருவர். பழைய இசைத்தட்டின் சடசடப்பு என்பார் இன்னொருவர். பேஸை, அதாவது ஆழமான கீழ்ச்சத்தத்தை, ஏற்றி ஸ்பீக்கரைக் கிழியவிடுவது என்பார் மூன்றாமவர். மூவரும் ஏதோ ஒன்றைத் தொட்டிருக்கிறார்கள். ஆனால் மட்டமாகப் பதிவான எத்தனையோ பாட்டுகள் காதைப் புண்ணாக்கத்தான் செய்கின்றன. சில பீட்டுகள் மட்டும் அதே கரகரப்போடு மணிக்கணக்கில் நம்மைக் கேட்க வைக்கின்றன. அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது?

குரல் இல்லாத வெறும் பீட்டுகளைத்தான் நான் அதிகம் கேட்பேன். குரல் வந்துவிட்டால் கவனம் சொற்களின் பின்னால் போய்விடும். குரலை எடுத்துவிட்டால்தான் சத்தத்தின் தோலே காதுக்குத் தட்டுப்படும். அப்படிக் கேட்டதில் எனக்குப் பிடிபட்டது இது: நல்ல பீட்டின் கரகரப்பு, கடைசியில் மேலே தூவிய பொடி இல்லை. ஒரு சத்தம் பல கைகளும் பல கருவிகளும் மாறி வந்த வழித்தடம் அது. அந்த வழியில் நாமும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டால், ஏன் பிடிக்கிறது என்பது தானே விளங்கும்.

பீட், பிரேக், சாம்பிள்

ராப் பாடுபவருக்குப் பின்னால் ஓடும் இசை முழுவதற்கும் பீட் என்று பெயர். தாளம் மட்டும்தான் பீட் என்று பலர் நினைக்கிறார்கள். டிரம்ஸ், பேஸ், பியானோத் துணுக்கு, ஹார்ன் எனப்படும் ஊதுகருவிகள் எல்லாம் சேர்ந்ததுதான் பீட். அதைச் செய்பவர் புரொடியூசர். சினிமாவில் பணம் போடுபவரைச் சொல்லும் அதே சொல்தான், ஆனால் இங்கே வேலை வேறு.

கதை நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தொடங்குகிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ஆம் எண் குடியிருப்பில் நடந்த விருந்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு ஓட்டினார். ஹிப்-ஹாப்பின் பிறந்த நாளாகப் பலரும் கொண்டாடுவது அந்த நாளைத்தான். ஃபங்க் என்ற ஆட்ட இசைப் பாட்டுகளின் நடுவே மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் தனியாக ஒலிக்கும் சில நொடிகள் வரும். அதுதான் பிரேக். ஆட வந்தவர்கள் அந்த இடத்துக்காகவே காத்திருப்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் தொடங்குகிற மாதிரி மாற்றி மாற்றி ஓட்டி, சில நொடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார்.

கையால் செய்த இந்த வேலையைப் பின்னால் ஒரு கருவி எடுத்துக்கொண்டது. சாம்பிளர் என்பது ஒரு சத்தத்தைச் சில நொடிகள் பதிந்து வைத்து, பட்டனைத் தட்டும்போதெல்லாம் திரும்ப ஒலிக்கும் கருவி. அதில் பிடித்த துண்டு சாம்பிள். அந்தத் துண்டையே விடாமல் சுற்றவிட்டால் லூப். 1980-களின் நடுவில் நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜைச் சேர்ந்த புரொடியூசர் மார்லி மார்ல், பழைய தட்டிலிருந்து ஒரே ஒரு டிரம் அடியை மட்டும் தனியாகப் பிடித்து, அதை வைத்துத் தன் விருப்பப்படி புதிய தாளம் கட்டலாம் என்று கண்டுகொண்டார். கரகரப்பின் கதை உண்மையில் அந்த ஒற்றை அடியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஒரு ஸ்நேர் அடியின் பயணம்

ஒரு புகைப்படத்தை ஜெராக்ஸ் எடுங்கள். அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் எடுங்கள். இப்படி ஐந்தாறு முறை போனால் என்ன ஆகும்? மென்மையான சாம்பல் நிறங்கள் மறைந்துவிடும். கறுப்பு இன்னும் கறுப்பாகும். ஓரங்கள் தடிக்கும். தாளில் இருந்த புள்ளியும் கோடும் படத்தோடு சேர்ந்துகொள்ளும். முகம் யாருடையது என்று தெரியும், ஆனால் அது இப்போது புகைப்படம் மாதிரி இருக்காது. சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி இருக்கும்.

ஸ்நேர் அடிக்கும் அதுதான் நடக்கிறது. ஸ்நேர் என்பது டிரம்ஸில் "டப்" என்று கூர்மையாக விழும் அடி. ஆழமாக "தும்" என்று இறங்குவது கிக். 1970-ஐ ஒட்டி ஏதோ ஒரு ஸ்டூடியோவில் டிரம்மர் ஸ்நேரை அடிக்கிறார். மைக்கில் அடி மட்டும் பதிவாவதில்லை. அந்த அறையின் சுவரில் பட்டுத் திரும்பிய எதிரொலியும், பக்கத்தில் வாசிக்கும் கிட்டாரின் கசிவும் சேர்ந்தே விழுகின்றன.

அங்கிருந்து அது டேப்பில் ஏறுகிறது. டேப்பின் காந்தப்பூச்சு ஓரளவுக்கு மேல் சத்தத்தைத் தாங்காது. அந்த எல்லையை முட்டும்போது அடியின் உச்சி மழுங்குகிறது. இப்படி உச்சி மழுங்கி, சத்தம் தடித்துப்போவதற்கு சாச்சுரேஷன் என்று பெயர். மழுங்கும்போது இழப்பு மட்டும் இல்லை, வரவும் உண்டு. மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் புதிதாக முளைக்கின்றன. மேற்சுரம் என்றால் ஒரு சுரத்தின் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கில் கூடவே ஒலிக்கும் அதிர்வுகள். இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து அந்த அடி வினைல் தட்டில் பள்ளமாகச் செதுக்கப்படுகிறது. பதினைந்து வருடம் யாரோ ஒருவர் வீட்டில் கிடக்கிறது. தூசி சேர்கிறது, கீறல் விழுகிறது, தேய்கிறது. பிறகு பழைய தட்டுக் குவியலில் ஒரு புரொடியூசர் கையில் சிக்கி, சாம்பிளருக்குள் நுழைகிறது. அங்கேதான் பெரிய மாற்றம்.

படிக்கட்டும் சக்கரமும்

1987-இல் ஈ-மியூ நிறுவனம் எஸ்பி-1200 என்ற சாம்பிளரை வெளியிட்டது. அடுத்த வருடம் ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்பிசி-60 வந்தது. இந்த வகைச் சத்தத்துக்கு உருவம் கொடுத்ததில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. எஸ்பி-1200-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எந்த டிஜிட்டல் கருவியும் சத்தத்தை எண்களாக மாற்றித்தான் வைக்கும். சரிவான ஒரு மலைச்சாய்வைப் படிக்கட்டாகக் கட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? படிகள் நிறைய இருந்தால் தூரத்திலிருந்து சாய்வு மாதிரியே தெரியும். படிகள் குறைந்தால் முரடு தட்டும். எத்தனை படி கிடைக்கும் என்பதைச் சொல்லும் அளவுதான் பிட். சிடியின் 16 பிட்டில் 65,536 படிகள். எஸ்பி-1200-இன் 12 பிட்டில் 4,096 படிகள்தான். பலமான அடிக்கு இது பெரிய குறையில்லை. ஆனால் அடி விழுந்த பிறகு அறையின் எதிரொலி அடங்கி வரும் பாருங்கள், அந்த மெல்லிய சத்தத்துக்குக் கீழ்ப்படிகள் சிலவே மிஞ்சும். அதனால் எதிரொலியின் வால் மணல் மணலாக உதிர்கிறது. பழைய பீட்டுகளில் டிரம்ஸ் ஒரு பொடிக்குள் மறைவது போலக் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது விஷயம் வேகம். சினிமா எப்படி ஒரு நொடியில் பல படங்களை எடுத்து ஓட்டுகிறதோ, அதேபோல டிஜிட்டல் கருவியும் ஒரு நொடியில் பல முறை சத்தத்தை அளக்கிறது. சிடிக்கு நொடிக்கு 44,100 முறை. எஸ்பி-1200-க்குச் சுமார் 26,000 முறை. அளக்கும் எண்ணிக்கையில் பாதி வரையுள்ள அதிர்வெண்களைத்தான் ஒழுங்காகப் பிடிக்க முடியும் என்பது அடிப்படை விதி. ஆக, இந்தக் கருவி சுமார் 13,000 ஹெர்ட்ஸோடு, அதாவது நொடிக்கு 13,000 அதிர்வுகளோடு, நின்றுவிடும். நல்ல செவி 20,000 வரை கேட்கும். பளபளக்கும் மேல்பகுதி இங்கேயே கத்தரிக்கப்படுகிறது.

பிடிக்க முடியாத அதிர்வெண்கள் உள்ளே நுழைந்துவிட்டால்? சினிமாவில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் சில சமயம் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரியும். சக்கரம் அப்படிச் சுற்றவில்லை. படமெடுத்த வேகம் போதாததால் உண்டான பொய்த்தோற்றம் அது. சத்தத்திலும் இதே பொய்த்தோற்றம் உண்டு, அதற்கு அலியாசிங் என்று பெயர். மூலத்தில் எங்கும் இல்லாத, லேசாக உலோகம் உரசுவது போன்ற ஒரு மினுக்கம் சத்தத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

45-இல் ஓட்டிய தட்டு

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். எஸ்பி-1200-இல் மொத்தமே சுமார் 10 நொடிதான் பதிய முடியும். ஒரு துண்டுக்கு அதிகபட்சம் 2.5 நொடி. டிரம்ஸ், பேஸ், ஹார்ன் எல்லாவற்றையும் இந்தப் பத்து நொடிக்குள் அடக்க வேண்டும். புரொடியூசர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய தட்டை 45-இல் ஓட்டினார்கள். இசை வேகமாகவும் கீச்சென்றும் ஓடும். அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். பிறகு சாம்பிளருக்குள் வேகத்தைக் குறைத்துப் பழைய சுருதிக்கு இறக்கினார்கள். 2.5 நொடி இடத்தில் சுமார் 3.4 நொடி இசை அடங்கிவிட்டது.

இதற்குக் கொடுத்த விலை என்ன? வேகத்தைக் குறைத்ததும் 13,000 ஹெர்ட்ஸ் எல்லை இன்னும் கீழே இறங்கி, ஏறத்தாழ 9,600-க்கு வந்துவிடுகிறது. சுருதியை இறக்கும்போது இடைவெளியை மிருதுவாக நிரப்பும் திறன் அந்தக் கருவிக்குக் கிடையாது. இருக்கும் எண்ணையே மறுபடி மறுபடி வைத்து ஒப்பேற்றும். படிக்கட்டின் ஒவ்வொரு படியும் அகலமாகிவிட்டது போல. மேலே சொன்ன உலோக மினுக்கம் இங்கே இன்னும் பலமாக வெளியே வருகிறது. ஸ்நேர் இப்போது பழைய ஸ்நேர் இல்லை. கனத்து, இருண்டு, விளிம்பில் மட்டும் தீப்பொறி தட்டுகிறது.

இடம் பற்றாமல் செய்த வேலை இது. அதன் விளைவு பிடித்துப்போனதும், இடம் தாராளமாக உள்ள கருவிகள் வந்த பிறகும், அந்தச் சத்தத்துக்காகவே இதைச் செய்பவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

இதுவரை வந்ததை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். டேப் உச்சியை மழுக்கியது, தட்டு தூசியைச் சேர்த்தது, 12 பிட் வாலை மணலாக்கியது, குறைந்த வேகம் மேல்பகுதியை வெட்டியது, சுருதி இறக்கம் விளிம்பில் பொறியைச் சேர்த்தது. ஒவ்வொன்றும் ஜெராக்ஸின் ஒரு சுற்று.

காதுக்கு இது ஏன் பிடிக்கிறது

தூரத்தில் ஒருவர் கத்துகிறார். நமக்கு வந்து சேரும் சத்தம் மெல்லியதுதான். ஆனாலும் அவர் கத்துகிறார் என்று உடனே தெரிகிறது, பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவதோடு குழப்பிக்கொள்வதில்லை. எப்படி? கத்தும்போது குரலில் மேற்சுரங்கள் கூடுகின்றன, தொண்டை கரகரக்கிறது. காது சத்தத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, அதில் எவ்வளவு முயற்சி இருக்கிறது என்பதையும் சேர்த்தே எடை போடுகிறது. சாச்சுரேஷன் பட்ட டிரம்ஸில் நடப்பதும் இதுதான். வால்யூமைக் குறைத்து வைத்தாலும் அந்த அடியில் பலம் தெரிகிறது. யாரோ முழு மூச்சோடு அடித்தார்கள் என்று உடம்பு நம்புகிறது.

மேற்சுரங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சின்ன ஸ்பீக்கரால் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஆழத்துக்கு இறங்கவே முடியாது. ஆனால் அந்த ஆழமான சுரத்தின் மேற்சுரங்கள் மட்டும் கேட்டால் போதும், அடியில் இருக்க வேண்டிய சுரத்தை மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். சுத்தமான கிக் ஒன்று சின்ன ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும். கரகரத்த கிக் அதே ஸ்பீக்கரில் நின்று முட்டும்.

மேல்பகுதி வெட்டப்பட்டதால் வரும் லாபம் வேறு. ராப்பில் சொல் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் "ஸ", "ச", "த" போன்ற மெய்யெழுத்துகளின் ஓசை துலங்க வேண்டும். அவற்றில் பெரும்பகுதி மேல் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. இசை அங்கே இடத்தை அடைத்துக்கொள்ளாமல் இருண்டு கீழே கிடப்பதால், குரல் முன்னால் வந்து நிற்கிறது. குரலே இல்லாத பீட்டிலும் அந்தக் காலி இடம் அப்படியே திறந்து கிடக்கும். வெறும் பீட்டைக் கேட்கும்போது வரும் அந்த எதிர்பார்ப்பு, யாரோ வாய் திறக்கப்போகிறார்கள் என்ற உணர்வு, பெரும்பாலும் இதனால்தான் வருகிறது என்று நான் நினைக்கிறேன்.

பேஸ் விஷயத்தில் புரொடியூசர்கள் இதை வேண்டுமென்றே செய்தார்கள். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலே இருப்பதையெல்லாம் தடுத்துக் கீழே இருப்பதை மட்டும் விடும் வடிகட்டிக்கு லோ-பாஸ் ஃபில்டர் என்று பெயர். முழு இசைக்குழு வாசிக்கும் ஒரு துண்டை எடுத்து இந்த ஃபில்டரை இறக்கிக்கொண்டே போனால், ஹார்ன் மறையும், கிட்டார் மறையும், கடைசியில் பேஸ் மட்டும் முணுமுணுவென்று மிஞ்சும். அடுத்த அறையில் பாட்டு ஓடும்போது சுவரைத் தாண்டி வருவது போல. பீட் ராக் என்ற புரொடியூசரின் பேஸ்களைக் கேட்டால் இந்தச் சுவர் தெரியும். மறைந்த வாத்தியங்களின் நிழல் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். புதிதாக வாசித்துச் சேர்த்த பேஸில் அந்த நிழல் கிடைக்காது.

நேரத்திலும் ஒரு கரகரப்பு

சொரசொரப்பு சத்தத்தில் மட்டும் இல்லை, அடி விழும் நேரத்திலும் உண்டு. கையால் தட்டிய அடிகளைச் சரியான கட்டங்களுக்குள் தானாக இழுத்து வைப்பதற்கு குவாண்டைஸ் என்று பெயர். எல்லாமே கட்டத்துக்குள் போய்விட்டால் அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். அதனால் ரோஜர் லின் தன் கருவிகளில் ஸ்விங் என்ற வசதியை வைத்தார். இரண்டிரண்டாக வரும் அடிகளில் இரண்டாவதை மட்டும் கொஞ்சம் தாமதப்படுத்துவது ஸ்விங். 50 சதவீதம் என்றால் நேர் நடை. அதற்கு மேலே ஏற்ற ஏற்ற நடையில் ஒரு சாய்வு வரும்.

டெட்ராய்ட்டைச் சேர்ந்த புரொடியூசர் ஜே டில்லா இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். அவர் பீட்டில் கிக் ஒரு நேரத்தைச் சொல்லும், ஸ்நேர் கொஞ்சம் அவசரப்படும், "ட்ஸ்" என்று ஒலிக்கும் ஜோடித் தாளமான ஹை-ஹாட் தன் போக்கில் போகும். கை தவறி வந்தது என்று பலரும் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதே "தவறு" லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வருகிறது. நன்றாக யோசித்து வைத்த இடம் அது. அவர் பயன்படுத்திய எம்பிசி-3000 இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு வயலின் பெறும் மரியாதையை ஒரு பட்டன் பெட்டி பெறுவதில் எனக்கு மெத்த மகிழ்ச்சி.

சடசடப்பை மேலே ஒட்டினால் போதுமா

பீட் செய்யப் பழகிய புதிதில் நான் செய்த வேலை ஒன்று. கம்ப்யூட்டரில் சுத்தமான டிரம்ஸை வைத்துத் தாளம் கட்டினேன். அப்புறம் வினைல் சடசடப்பு தரும் ஒரு பிளகினை, அதாவது துணை மென்பொருளை, மேலே போட்டேன். கேட்டால் பழசாகவே இல்லை. புதுச் சட்டையில் மண்ணை அப்பியது போல இருந்தது. என்ன குறை என்று பல நாள் புரியவில்லை. பிறகு ஒரு பழைய பீட்டை ஹெட்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் பிடிபட்டது.

அதில் சடசடப்பு விடாமல் ஓடவில்லை. சாம்பிள் ஒலிக்கும்போது இரைச்சலும் கூடவே வருகிறது. சாம்பிளை வெட்டிய இடத்தில் இரைச்சலும் சட்டென்று நின்றுவிடுகிறது. ஸ்நேர் விழும்போது அதன் பின்னால் ஒரு சின்னக் காற்று திறந்து மூடுகிறது. பியானோத் துணுக்கு வந்தால் அதன் தட்டின் தூசி வேறு மாதிரி ஒலிக்கிறது. ஒவ்வொரு சத்தமும் தான் இருந்த அறையைக் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறது. அந்த அறைகள் ஒன்றோடொன்று மோதித் திறந்து மூடுவதே தாளத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. என் பிளகின் செய்தது எல்லாவற்றின் மேலும் ஒரே போர்வையைப் போர்த்தியதுதான்.

இன்னொரு தவறான எண்ணம், கருவி மட்டமாக இருந்தால் கரகரப்பு தானாக வந்துவிடும் என்பது. புரொடியூசர் டிஜே பிரீமியர் வேலை செய்த மன்ஹாட்டன் டி அண்ட் டி ஸ்டூடியோ தொழில்முறை ஸ்டூடியோதான். முரடான துண்டுகளை எடுத்து, தேர்ந்த ஒலிப்பதிவாளரோடு உட்கார்ந்து, எது கிழிய வேண்டும், எது கிழியக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது. எல்லாமே கிழிந்தால் காது சலித்துவிடும். நடுப்பகுதி கரகரக்கும்போது அடியில் பேஸ் உறுதியாக, உருண்டையாக நிற்பதால்தான் அந்தக் கரகரப்பு நமக்குச் சுவையாகிறது.

டிரம்ஸை எடுத்துவிட்டால்

2010-க்குப் பிறகு நியூயார்க் மாநிலத்தில் இந்தச் சத்தம் இன்னொரு பக்கம் திரும்பியது. ராப்பர் ராக் மார்சியானோவும், பஃபலோ நகரின் கிரிசெல்டா ராப் குழுவினரும் பயன்படுத்திய பல பீட்டுகளில் டிரம்ஸ் மிகவும் தணிந்திருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. ஒரு பழைய தட்டின் நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். முதல்முறை கேட்பவர்களுக்கு வேலை பாதியில் நின்றுவிட்டது போலத் தோன்றலாம்.

அப்படிப்பட்ட பீட் ஒன்றை இருட்டில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு சுற்றுகளில் மெட்டு மட்டும்தான் காதில் விழும். மூன்றாவது சுற்றில், தட்டில் எப்போதோ விழுந்த ஒரு கீறல் "டிக்" என்று தட்டுவது கேட்கும். நான்காவது சுற்றிலும் அதே இடத்தில் "டிக்". ஐந்தாவதில் அது வருமுன்பே நம் தலை ஆடத் தயாராகிவிடும். லூப் முடிந்து மறுபடி தொடங்கும் இணைப்பில் இரைச்சல் லேசாக ஒரு குதி குதிக்கும். அது கிக்கின் இடத்தை எடுத்துக்கொள்ளும். யாரோ ஒருவர் தட்டைக் கவனமில்லாமல் உறையில் செருகியபோது விழுந்த கீறல், இப்போது இந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது.